கட்டணக் கடிவாளத்தை எப்போது அவிழ்ப்பது? ஒழுங்குமுறை ஆணையங்கள் முடிவெடுக்கும் விதம்: முழுமையான வழிகாட்டி

2024 ஜூலையில் தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு செலவுகள் ஒரே மாதத்தில் ஏறின. முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தின. மாத நடுவில் மின் கட்டணம் 4.83 சதவீதம் ஏறியது. ஜூலை 1 முதலே அமல் என்றார்கள். கரண்ட் பில் ஏறியதற்குப் பின்னால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு ஒன்று இருந்தது. எந்த அடுக்குக்கு யூனிட் என்ன விலை என்று பைசா சுத்தமாக அதில் எழுதியிருந்தது. ரீசார்ஜ் ஏறியதற்குப் பின்னால் எந்த உத்தரவும் கிடையாது. மூன்று நிறுவனங்களும் தாங்களாக முடிவு செய்தன, ஏற்றின.

"டிராய் தூங்குகிறதா?" என்று அப்போது கேட்காதவர் இல்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தூங்கவில்லை. செல்பேசிக் கட்டணத்தில் தலையிடுவதில்லை என்று அது 2000-களின் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்டது. ஆணைய வட்டாரத்தில் இதற்கு ‘ஃபார்பியரன்ஸ்’ என்று பெயர். அதிகாரம் கையில் இருக்கும். பயன்படுத்தாமல் ஒதுங்கி நிற்பார்கள்.

ஒரு சேவையை இப்படி அவிழ்த்துவிடலாமா, கூடாதா என்று ஆணையங்கள் எப்படி முடிவு செய்கின்றன? முடிவெடுக்கும் முன் ஆணையம் கருத்துக் கேட்டு வெளியிடும் கலந்தாய்வு அறிக்கை அடுத்த முறை உங்கள் கைக்கு வரும்போது எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன். என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "சந்தை" என்ற சொல்லுக்கு எல்லை வரையும் பக்கம். பெரும்பாலான சண்டைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் கணக்குதான்.

படி 1: எந்தப் பூட்டைத் திறக்கிறோம்?

கட்டுப்பாடு என்பது ஒற்றைப் பூட்டு அல்ல. குறைந்தது மூன்று உண்டு. தொழிலுக்குள் யார் வரலாம் என்பது ஒன்று. என்ன விலைக்கு விற்கலாம் என்பது இன்னொன்று. கேட்டவருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை மூன்றாவது. ஒன்றைத் திறந்தால் மற்றவையும் திறந்துகொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமலே மின் நிலையம் அமைக்கலாம் என்கிறது. வாசல் பூட்டு போயிற்று. ஆனால் அந்த நிலையம் விநியோக நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் விற்கப்போனால், விலையை ஆணையம் 62-ஆவது பிரிவின்கீழ் நிர்ணயிக்க வேண்டும். அல்லது 63-ஆவது பிரிவின்படி ஏலத்தில் முடிவாக வேண்டும். செல்பேசியில் நிலைமை நேர்த் தலைகீழ். விலை சுதந்திரம், உரிமமும் அலைக்கற்றையும் அரசின் கையில்.

ஆகவே "கட்டுப்பாடு நீக்கம்" என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "மூன்றில் எது?" என்பதுதான்.

படி 2: சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் தெளிவானது கனடாவின் 1993-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம். 34-ஆவது பிரிவில் மூன்று நிலைகள். கொள்கை நோக்கங்களுக்கு ஒத்துப்போனால் ஆணையம் விலகலாம். பயனாளர் நலனைக் காக்கும் அளவுக்குப் போட்டி இருந்தால் விலகியே தீர வேண்டும். விலகுவதால் போட்டிச் சந்தை உருவாவதோ நீடிப்பதோ கெடும் என்றால் விலகவே கூடாது. அவிழ்த்துவிடுவது ஆணையத்தின் பெருந்தன்மையைப் பொறுத்தது அல்ல, நிபந்தனை நிறைவேறினால் கடமை என்று ஆக்கியிருக்கிறார்கள். இதனால் அந்நாட்டு ஆணையம் "பார்க்கலாம்" என்று இழுத்தடிக்க முடியாது.

இந்தியாவில் 1997-ஆம் ஆண்டு டிராய் சட்டம், கட்டணத்தை அறிவிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்ததோடு நிற்கிறது. எப்போது விலகுவது என்பதற்கு அதில் இப்படியொரு படிக்கட்டு இல்லை. 1999-இல் வந்த கட்டண ஆணையைத் திருத்தித் திருத்தித்தான் ஒவ்வொரு சேவையாக அவிழ்த்தார்கள்.

படி 3: சேவையைக் கூறுபோடுவது

"மின்சாரத்தைத் தனியாரிடம் விடலாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. மின்சாரம் என்பது நான்கு தொழில்கள்: உற்பத்தி, உயர் மின்னழுத்தக் கடத்தல், தெருக் கம்பி, பில் போட்டு விற்பது. முதலாவதிலும் நாலாவதிலும் பலர் போட்டியிடலாம். நடுவில் உள்ள இரண்டிலும் ஒரே தெருவில் இரண்டு கம்பம் நட்டால் செலவுதான் இரட்டிப்பாகும். ஆணையம் தேடுவது, எந்தத் துண்டில் இரண்டாவது ஆள் நுழைவது வீண் செலவு ஆகாது என்பதை.

குடிநீர் குழாயில் இந்தத் துண்டு மிகச் சிறியது. இங்கிலாந்தில்கூட 2017 ஏப்ரலில் வணிக வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சில்லறை விற்பனையைத் திறந்தார்கள்; வீடுகளுக்குத் திறக்கவில்லை. திறந்ததும் மீட்டர் வாசிப்பு, பில், வாடிக்கையாளர் சேவை போன்றவற்றைத்தான். குழாய் பழைய நிறுவனத்திடமே இருக்கிறது.

மும்பை ஒரு விசித்திரம். டாடாவும், முன்பு ரிலையன்ஸிடம் இருந்து இப்போது அதானியிடம் உள்ள நிறுவனமும் ஒரே பகுதியில் மின்சாரம் விற்கின்றன. ஒருவருடைய கம்பி வழியாக மற்றவருடைய மின்சாரத்தை வாங்கும் வீடுகளும் உண்டு. இரண்டு கடை வந்தாயிற்றே, விலையை விட்டுவிடலாமே? மின்சாரச் சட்டத்தின் 62-ஆவது பிரிவே இதற்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது: ஒரே பகுதியில் இரண்டு விநியோக உரிமதாரர்கள் இருந்தால், போட்டியை வளர்க்க ஆணையம் உச்சவரம்பை மட்டும் நிர்ணயிக்கலாம். முழுப் பூட்டுக்கும் முழுத் திறப்புக்கும் இடைப்பட்ட படி. சட்டத்தை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பயன்படுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

படி 4: சந்தைக்கு எல்லை வரைவது

நிதானமாகப் படிக்க வேண்டிய பக்கம் இது.

பாடப்புத்தக முறை சுலபமானது. ஒரே ஒரு விற்பனையாளர் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அவர் விலையை 5 முதல் 10 சதவீதம் ஏற்றி, ஓராண்டு அப்படியே வைத்திருக்கிறார். அவருக்கு லாபமா நட்டமா? வாடிக்கையாளர் போதுமான அளவு வேறு பொருளுக்கு ஓடி நட்டம் வந்தால், அந்த வேறு பொருளும் இதே சந்தைதான். எல்லையைப் பெரிதாக்கி மறுபடி கேளுங்கள். ஓடவில்லை என்றால் எல்லை அங்கே நிற்கும். பொருளுக்கு ஒருமுறை, ஊருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

ஏட்டில் இது அழகாக இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் தரைவழித் தொலைபேசிக் கதையே போதும்.

2006 ஏப்ரலில் அந்நாட்டு ஆணையமான சி.ஆர்.டி.சி. ஒரு அளவுகோலை வெளியிட்டது. பழைய தொலைபேசி நிறுவனம் ஒரு வட்டாரத்தில் 25 சதவீதச் சந்தைப் பங்கை இழந்திருக்க வேண்டும். போட்டியாளர்களுக்கு மொத்த விற்பனையாகத் தரவேண்டிய சேவையின் தரமும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதன் பிறகே அங்கே கட்டணத்தை அவிழ்க்கலாம். வட்டாரம் என்றால் பல தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் சேர்ந்த பெரிய பகுதி. செல்பேசி தரைவழிக்கு மாற்று என்று ஆணையம் ஏற்கவில்லை. அது கணக்கில் சேராது.

ஓராண்டு ஓடியது. 2007 ஏப்ரலில் அமைச்சரவை இதை மாற்றியது. வட்டாரம் போய், தனித்தனி எக்ஸ்சேஞ்ச் சந்தையானது. சந்தைப் பங்கும் போய், "ஆள் இருக்கிறாரா?" என்ற கேள்வி வந்தது. வீட்டு இணைப்பு என்றால், பழைய நிறுவனத்தைத் தவிர சொந்தக் கட்டமைப்புள்ள இன்னும் இருவர் 75 சதவீத இணைப்புகளை எட்டக்கூடியவராக இருந்தால் போதும். அவர்களில் ஒருவர் கேபிள் போன்ற தரைவழிக்காரர். மற்றவர் செல்பேசி நிறுவனமாக இருக்கலாம். போன ஆண்டு கணக்கில் சேராத செல்பேசி, இந்த ஆண்டு சேர்ந்துவிட்டது.

ஊர் அதே ஊர், கம்பிகளும் அதே கம்பிகள். கோடு மட்டும் நகர்ந்தது. 2007-லேயே பெரிய நகரங்களில் கட்டுப்பாடு விலகத் தொடங்கிவிட்டது.

இரண்டு அளவுகோலுக்கும் நியாயம் உண்டு. முதலாவது, வாடிக்கையாளர் உண்மையிலேயே மாறினாரா என்று கேட்கிறது. இரண்டாவது, மாற நினைத்தால் வழி இருக்கிறதா என்று கேட்கிறது. பழைய நிறுவனம் நல்ல விலை கொடுத்து வாடிக்கையாளரைத் தக்கவைத்தால் முதல் சோதனையில் தோற்றுப்போகும். நன்றாக நடந்துகொண்டதற்குத் தண்டனை. எதிரி நிறுவனம் பேருக்கு இருந்தாலும் இரண்டாவது சோதனை தேறிவிடும். என்னைக் கேட்டால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். ஆனால் ஆணையங்களுக்கு ஒற்றை எண்தான் பிடிக்கும்; நீதிமன்றத்தில் நிற்கும்.

இந்தியாவிலும் கோடு நகர்ந்த கதை உண்டு. அடிமாட்டு விலைக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதைத் தடுக்க 2018 பிப்ரவரியில் டிராய் கட்டண ஆணையைத் திருத்தியது. ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தில் 30 சதவீதப் பங்குள்ள நிறுவனம்தான் ‘கணிசமான சந்தை ஆற்றல்’ உள்ளது. அதற்கே அந்தத் தடை. எதில் 30 சதவீதம்? வாடிக்கையாளர் எண்ணிக்கையில், அல்லது வருவாயில். வலையமைப்பில் ஓடும் போக்குவரத்தின் அளவு கணக்கில் இல்லை. 2016 செப்டம்பரில் களமிறங்கிய ஜியோவின் வலையமைப்பில் டேட்டா வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பழைய நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போயின. டிசம்பரில் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பகுதிகள் ரத்தாயின.

படி 5: உள்ளே எத்தனை பேர், எவ்வளவு பெரியவர்கள்?

கோடு வரைந்த பிறகு எண்ணலாம். பழக்கத்தில் உள்ள கருவி, சந்தை எவ்வளவு சிலர் கையில் குவிந்திருக்கிறது என்று அளக்கும் எச்.எச்.ஐ. குறியீடு. ஒவ்வொருவர் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். 40, 35, 20, 5 என்று நான்கு பேர் இருந்தால் 1600 + 1225 + 400 + 25 = 3250. ஒரே ஆள் என்றால் 10,000. அமெரிக்காவின் 2023-ஆம் ஆண்டு நிறுவன இணைப்பு வழிகாட்டுதலில் 1800-ஐத் தாண்டினாலே அது குவிந்துபோன சந்தை.

மின்சாரத்தில் இந்தக் கணக்கை நம்பி மோசம் போனவர்கள் உண்டு. தேக்கி வைக்க முடியாத சரக்கு அது. ஒரு கோடை மாலையில் தேவை 1000 மெகாவாட், எல்லா நிலையங்களும் சேர்ந்து 1080 தர முடியும் என்று வையுங்கள். அதில் ஒருவரிடம் 120 மெகாவாட். பங்கு வெறும் 11 சதவீதம். அவர் "இன்று மெஷின் ரிப்பேர்" என்றால் மீதி 960. ஊர் இருளும். அந்த மாலையில் அவர் வைத்ததுதான் விலை.

கலிபோர்னியாவில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1996-இல் சட்டம், 1998-இல் சந்தை திறப்பு. பெரிய விநியோக நிறுவனங்கள் தங்கள் மின் நிலையங்கள் பலவற்றை விற்றுவிட்டு, அன்றாடச் சந்தையில் வாங்கி விற்றன. வாங்கும் விலைக்கு வரம்பு இல்லாத மாதிரி. விற்கும் விலையோ உறைநிலையில். சான் டியாகோவில் மட்டும் உறைநிலை முதலில் நீங்கியது. 2000 கோடையில் அங்கே பில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. மற்ற இடங்களில் நிறுவனங்கள் நட்டத்தை விழுங்கின. 2001 தொடக்கத்தில் முறைவைத்து மின்வெட்டு, ஏப்ரலில் அந்த விநியோக நிறுவனங்களில் ஒன்றான பி.ஜி.&இ. திவால் மனு. அப்போது கூட்டாட்சி ஆணையமான ஃபெர்க் பயன்படுத்திய சோதனையில், 20 சதவீதத்துக்குக் குறைவான பங்குள்ளவர் ஆபத்தில்லாதவர். நெருக்கடிக்குப் பிறகு, "இவர் இல்லாமல் ஊர் சமாளிக்குமா?" என்ற சோதனையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

படி 6: உள்ளே வர முடியுமா, வெளியேற முடியுமா?

இன்று இருவர்தான் இருக்கிறார்கள் என்றாலும், நாளை மூன்றாமவர் சுலபமாக நுழைய முடிந்தால் ஆணையம் சற்றுத் தளர்வாக இருக்கும். அதைவிட முக்கியம் வாடிக்கையாளர் வெளியேறும் வழி. 2011 ஜனவரி 20-க்கு முன் நம்பரை இழக்காமல் செல்பேசி நிறுவனத்தை மாற்ற நாடு முழுக்க வசதி இல்லை. பத்து நிறுவனம் இருந்தென்ன, கடைக் கார்டிலும் வங்கியிலும் கொடுத்த நம்பரை விட யாருக்கு மனம் வரும்?

இங்கே பலர் தவறவிடும் ஒரு இடுக்கு இருக்கிறது. நீங்கள் எந்த சிம் வைத்திருந்தாலும் சரி, உங்கள் மாமாவை அழைத்தால் மாமாவின் நிறுவனம் வழியாகத்தான் அவரை எட்ட முடியும். தன் வாடிக்கையாளரை எட்டும் கடைசிப் படிக்கட்டில் ஒவ்வொரு நிறுவனமும் ஏகபோகம். ஆகவே சில்லறைக் கட்டணத்தை அவிழ்த்த பிறகும் இந்த இணைப்புக் கட்டணத்தை டிராய் விடவில்லை. நிமிடத்துக்கு 14 பைசாவாக இருந்ததை 2017 அக்டோபரில் 6 பைசா ஆக்கியது. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். மேலே சுதந்திரமாகத் தெரிவதற்குக் கீழே ஒரு கட்டுப்பாடு தாங்கிக்கொண்டிருக்கிறது.

படி 7: மாற முடியாதவர் யார்?

சராசரி வாடிக்கையாளருக்குப் போட்டி இருக்கலாம். சராசரியில் அடங்காதவர்கள்?

பிரிட்டனில் 1984-இல் அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.டி. தனியார்மயமானபோது, பணவீக்கத்துக்கு 3 சதவீதம் குறைவாகத்தான் கட்டணம் ஏறலாம் என்று கட்டினார்கள். 2006 ஆகஸ்டில் அந்நாட்டு ஆணையமான ஆஃப்காம் சில்லறை விலைக் கட்டுப்பாட்டை முழுதாக நீக்கியது. கேபிளும் அகலப்பட்டைத் தொகுப்புகளும் வந்துவிட்ட காலம், நியாயமான முடிவு. ஆனால் இணையம் வேண்டாம், போன் மட்டும் போதும் என்று இருந்தவர்கள், பெரும்பாலும் முதியவர்கள், தொகுப்புச் சண்டையில் யாருக்கும் தேவைப்படவில்லை. அவர்களுடைய மாத வாடகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஆஃப்காம் மறுபடி தலையிட, 2018 ஏப்ரல் முதல் அவர்களுக்கு மாதம் 7 பவுண்டு குறைக்க பி.டி. ஒப்புக்கொண்டது.

கனடா இதை முன்கூட்டியே பார்த்தது. அவிழ்த்துவிட்ட ஊர்களிலும் தனி வீட்டு இணைப்புக்கு மட்டும் ஒரு உச்சவரம்பை விட்டுவைத்தது. டிராயும் செல்பேசியை விட்ட பிறகு கிராமப்புறத் தரைவழி இணைப்பையும் ரோமிங்கையும் பிடித்தே வைத்திருந்தது. கலந்தாய்வு அறிக்கையில் இப்படியொரு விதிவிலக்குப் பட்டியல் இல்லை என்றால், அங்கே உங்கள் ஆட்சேபத்தை எழுதுங்கள்.

படி 8: யாருடைய செலவை யார் சுமக்கிறார்கள்?

மின்சாரத்துக்கே உரிய தலைவலி இது. ஆலையும் கடையும் கூடுதல் விலை கொடுப்பதால்தான் வீட்டுக்குக் குறைந்த விலையில் தர முடிகிறது. விநியோக நிறுவனத்தை விட்டு வேறு விற்பனையாளரிடம் அதே கம்பி வழியாக வாங்கும் ‘ஓப்பன் அக்சஸ்’ உரிமையைக் கொடுத்தால் முதலில் வெளியேறுவது அந்த ஆலைதான். அதனால் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, வெளியேறுகிறவர் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு உற்பத்தி செய்பவருக்கு அது கிடையாது. கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகள் ஆரல்வாய்மொழியிலும் பல்லடத்திலும் காற்றாலை வைத்திருப்பதன் கணக்கு இதில் புரியும். 2022-இல் பசுமை மின்சாரத்தை இப்படி வாங்குவதற்கான குறைந்தபட்ச அளவு 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறங்கியது. கூடுதல் கட்டணத்தை ஏற்றினால் வாசல் திறந்தும் யாரும் போக முடியாது. குறைத்தால் மீதமிருப்பவர் பில் ஏறும்.

படி 9: உங்கள் முறை

கலந்தாய்வு அறிக்கை வரும். எழுத்துக் கருத்து, அதற்கு எதிர்க்கருத்து, பிறகு திறந்த அரங்கு. இறுதி ஆணையோடு விளக்கக் குறிப்பும் இருக்கும். ஆணையைவிட அதைப் படியுங்கள். மின் கட்டணத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. மேல்முறையீட்டுக்குத் தொலைத்தொடர்பில் டி.டி.சாட் என்ற தீர்ப்பாயம், மின்சாரத்தில் தனித் தீர்ப்பாயம். "விலை ஏறக்கூடாது" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்விடும். "எங்கள் ஊரில் இரண்டாவது நிறுவனத்தின் சிக்னல் இந்தத் தெருக்களில் இல்லை" என்று எழுதினால் நாலாவது படியில் போய் உட்காரும். பதில் சொல்லியாக வேண்டும்.

படி 10: திரும்பி வரும் வழி

அவிழ்த்த கடிவாளத்தை மறுபடி பிடிக்கத் தெரிய வேண்டும். இந்தியாவில் செல்பேசி நிறுவனங்கள் புதிய கட்டணத்தை அறிமுகப்படுத்திய ஏழு வேலை நாட்களுக்குள் டிராயிடம் தெரிவிக்க வேண்டும், கண்காணிப்பு அறுந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் மின் சந்தையில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டபோது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரல் தொடக்கத்தில் 12 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. அடுத்த ஆண்டு அதை 10 ஆக்கியது. பிரிட்டனில் 2002-இல் நீக்கிய வீட்டு எரிசக்தி விலைக் கட்டுப்பாடு 2019 ஜனவரியில் வேறு உருவில் திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் சிக்கல்தான்: 2021-இல் மொத்த விற்பனைச் சந்தையில் எரிவாயு விலை எகிறியபோது, உச்சவரம்புக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் சிக்கிச் சிறிய நிறுவனங்கள் வரிசையாக மூடின.

சில சமயம் கடிவாளத்தைக் கேட்பது வாடிக்கையாளர் அல்ல. விலைப்போரில் கையைச் சுட்டுக்கொண்ட இந்தியச் செல்பேசி நிறுவனங்கள் கட்டணத்துக்குக் கீழ்வரம்பு வேண்டும் என்றன. 2019 டிசம்பரில் டிராய் அதற்கும் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அதே மாதம் மூன்று தனியார் நிறுவனங்களும் தாங்களாகவே கட்டணத்தை ஏற்றிக்கொண்டன. கீழ்வரம்பு வரவில்லை.